மூடியும் முகத்துவாரமும்

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரி 1 முதல் தனியார் வாகனங்களுக்கும் மீண்டும் திறந்துவிடப்பட்டதைப் பற்றிய பேச்சு மட்டக்களப்பில் இன்னும் ஓய்ந்தபாடில்லை. தேநீர்க்கடை மேசையில் புதிய வண்டியின் விலையும் அதன்மேல் ஏறும் வரியும் அலசப்படும் அதே வேளையில், கடைவாசலில் நிற்பவை முப்பது வயதைத் தாண்டிய டொல்பின் வான்களும், பலமுறை பூச்சு மாற்றிய லொறிகளும் என்பது பேசுவோர் எவரையும் உறுத்துவதில்லை. ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் உள்ளதைக் கட்டிக் காப்பாற்றியே ஓடப் பழகிய ஊருக்கு, கதவு திறந்த பின்னும் புதியது எட்டாக்கனியாகவே இருப்பதால், வரி விகிதங்களை வரிசைப்படுத்தி ஆராய்வதே இவ்வாரப் பத்தியின் கடமையாக இருந்திருக்க வேண்டும். ஆனால் கல்லடிப் பாலத்தடியில் தென்பட்ட ஒரு போத்தல் தண்ணீர் அக்கடமையைக் குழப்பிவிட்டது.

1924இல் அமைந்த பழைய பாலமும் 2013இல் திறக்கப்பட்ட புதிய பாலமும் அருகருகே நிற்கும் அவ்விடத்தில், ஓரங்கட்டப்பட்ட வானொன்றின் முன்னாசனம் தூக்கப்பட்டிருந்தது. அவ்வகை வான்களில் எஞ்சின் ஓட்டுநரின் ஆசனத்துக்கு அடியிலேயே குடியிருக்கும். பழைய சாரமொன்றைக் கையில் சுற்றிய ஓட்டுநர் ரேடியேற்றரின் மூடியைத் திருக, ஆவி சீறி எழ, உடன் வந்த சிறுவன் வாவியில் மொண்டு வந்த உவர்நீர் அப்படியே உள்ளே போயிற்று. ஐந்து நிமிடத்தில் வான் புறப்பட்டும் விட்டது. புறப்பட்டுவிட்டதே இங்குள்ள சிக்கல். எஞ்சினைக் கொல்வது எண்ணெயைவிடத் தண்ணீரே என்னும் முறைப்பாட்டை இப்பத்தியில் ஏற்கெனவே பலமுறை படித்துச் சலித்தவர்கள் இன்னுமொரு முறை பொறுத்தருள வேண்டும்.

எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ற் எனப்படுவது வெறும் நீரன்று. நீரும், எதிலீன் கிளைக்கோல் என்னும் இனிப்புச் சுவையுடைய நச்சுத் திரவமும், துருவைத் தடுக்கும் வேதிப்பொருள்களும் சேர்ந்த கலவை அது. பனி உறையும் நாடுகளில் அது நீர் உறையாமல் காக்கிறது என்று கேள்விப்பட்டவர்கள், பனியே விழாத மட்டக்களப்பில் அதற்கு என்ன வேலை என்று முடிவு கட்டிவிடுகின்றனர். கொதிநிலையை உயர்த்துவதும் உலோகத்தை அரிப்பிலிருந்து காப்பதும் வெப்ப நாட்டில் அதற்குள்ள வேலைகள். கொதிநிலையை உயர்த்தும் வேலையில் அதற்குத் துணைநிற்கும் உறுப்பு ரேடியேற்றரின் மூடி. அதனுள் இரண்டு வால்வுகள் உள்ளன. மூடியின் தலையில் 0.9 என்று பொறித்திருந்தால், சதுர சென்ரிமீற்றருக்கு 0.9 கிலோ என்னும் அழுத்தம் வரை அது நீரை உள்ளே அடக்கி வைக்கும். அவ்வழுத்தத்தில் வெறும் நீர்கூட 100 பாகையில் கொதிக்காமல் ஏறத்தாழ 118 பாகை வரை தாங்கும். அளவு மீறும்போது பெரிய வால்வு திறந்து, மிகுதியைப் பக்கத்திலுள்ள பிளாஸ்டிக் போத்தலுக்கு அனுப்பும். எஞ்சின் ஆறும்போது சிறிய வால்வு திறந்து, போனதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். இறப்பர் வளையம் காய்ந்து வெடித்த மூடி இவ்விரண்டையும் செய்யாது. ஆகவே, ஒழுக்கே இல்லாத வண்டியிலும் தண்ணீர் குறைந்துகொண்டே போகும்.

ஒழுக்கைத் தேடுவதற்குரிய வேளை எஞ்சின் முழுவதும் ஆறிய அதிகாலை. முதலில் மூடி, அடுத்து ஹோஸ் குழாய்களின் கிளிப் இறுகிய முனைகள், அதன்பின் வாட்டர் பம்பின் அச்சுக்குக் கீழேயுள்ள சிறு துளை என்ற வரிசையில் பார்வை செல்ல வேண்டும். அத்துளை உற்பத்திப் பிழையன்று. உள்ளேயுள்ள சீல் தேய்ந்துவிட்டதைச் சொட்டுச் சொட்டாக அறிவிப்பதற்காகவே வைக்கப்பட்டது. அதை அடைப்பவர் அறிவிப்பை அடைக்கிறாரேயன்றி ஒழுக்கை அடைப்பதில்லை. கண்ணுக்குத் தப்பும் ஒழுக்கை, கைப்பம்பும் அழுத்தமானியும் பொருத்திய சோதனைக் கருவியை மூடியின் இடத்தில் மாட்டி, மூடியில் பொறித்த அளவுக்குக் காற்றழுத்தி, முள் இறங்குகிறதா என்று காத்திருந்து கண்டுகொள்ளலாம். முள் இறங்கியும் வெளியில் ஈரமில்லையெனில், சிலிண்டர் தலைக்கும் உடலுக்கும் இடையிலுள்ள கஸ்கெற் போயிருக்கக்கூடும். புகைக்குழாயில் இனிப்பு மணத்துடன் வெண்புகை, எஞ்சின் எண்ணெயில் பால்தேநீர் நிறம், ரேடியேற்றர் வாயில் ஓயாத குமிழிகள் ஆகியன அதன் அறிகுறிகள்.

செம்புக் குழாயும் பித்தளைத் தொட்டியும் கொண்ட பழைய ரேடியேற்றரைக் கழற்றி, கழுவி, ஈயம் பற்றவைத்து மீட்டெடுக்கலாம். அலுமினியமும் பிளாஸ்டிக்கும் இணைந்த புதியவற்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மஞ்சள்தூளும் முட்டை வெள்ளைக்கருவும் போட்டு ஒழுக்கை நிறுத்தும் வைத்தியமோ, ஓட்டையைத் தேடிப் போகும் வழியில் ஓட்டையில்லாத நுண்குழாய்களையும் சேர்த்தே அடைத்துவிடுகிறது. இவை யாவும் கராஜில் தீரக்கூடிய காரியங்கள். கராஜில் தீராதது, எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்னும் கேள்வி.

குடிநீரின் சுவை கெடாதிருக்க லீற்றருக்கு 250 மில்லிகிராம் குளோரைட் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் எல்லை; கனரக எஞ்சின் தயாரிப்பாளர்களோ 40 மில்லிகிராமை ஒட்டிய அளவையே விரும்புகின்றனர். அதாவது வாய்க்கு நல்லதாக இருக்கும் தண்ணீர் வண்டிக்கு நஞ்சாகலாம். குளோரைட், அதாவது உப்பின் ஒரு பாதி, அலுமினியத்தில் ஊசிமுனைக் குழிகளைத் தோண்டும். எஞ்சின் உடலின் வார்ப்புத் துளைகளை மூடியிருக்கும் மெல்லிய இரும்புக் கிண்ணங்களை உள்ளிருந்தே துருவேற்றித் தின்னும். பாலத்தடியில் ஊற்றப்பட்ட போத்தல் அன்று தணித்த தாகத்துக்கு அடுத்த மாரியில் கணக்குத் தீர்க்கப்படும்.

வாவியை விட்டுக் கிணற்றை நாடலாமே என்றால், அதன் கதை வேறு. எழுவான்கரை என்று ஊரார் அழைக்கும் கிழக்குக்கரை, ஒருபுறம் கடலும் மறுபுறம் ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்ட வாவியும் நெருக்க, நடுவே கிடக்கும் மணல்நாடா. அம்மணலில் சில முழம் தோண்டினால் நல்ல தண்ணீர் ஊறுவது எப்படி என்பது வியப்புக்குரியது. மழைநீர் மணலில் இறங்கி, தன்னைவிட ஏறத்தாழ இரண்டரை சதவீதம் அடர்த்தி கூடிய உவர்நீரின் மேல், வில்லை வடிவில் மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு மீற்றர் நன்னீர் நின்றால் கீழே நாற்பது மீற்றர் நன்னீர் நிற்கக்கூடும் என்பது நிலத்தடி நீரியலின் பழைய கணக்கு. மறுதலையாக, மேலே ஒரு சாண் இறைத்தால் கீழிருந்து நாற்பது சாண் உவர் ஏறலாம் என்பதும் அக்கணக்கினுள்ளேயே அடங்கியுள்ளது. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் உப்பேறிய கிணறுகளை நல்லெண்ணத்தோடு திரும்பத் திரும்ப இறைத்தபோது சில இடங்களில் அடியிலிருந்த உவரே மேலேறியது. இறைப்பைவிட அடுத்தடுத்த மாரி மழையே அக்கிணறுகளைத் தேற்றியது. ஒழுக்கைத் தேடுவோருக்குத் தேவையான பொறுமையை இம்மணல் மிகக் கசப்பான பாடமாகவே புகட்டிவிட்டது எனலாம்.

வாவிக்கும் மூடி உண்டு. ஆண்டின் பெரும்பகுதியில் பாலமீன்மடுவிலும் கல்லாற்றுப் பக்கத்திலும் அலை கொண்டுவந்து சேர்க்கும் மணல் வாவியின் வாயை ஒடுக்கும். சில காலங்களில் அடைத்தும் விடும். வடகீழ்ப் பருவக்காற்றின் மழையில் முந்தெனி ஆறும் பிற ஓடைகளும் நீரைக் கொண்டுவந்து கொட்ட, உள்ளே மட்டம் ஏற, ஒரு கட்டத்தில் மணல் தானே உடையும், அல்லது வெட்டப்படும். முகத்துவாரம் வெட்டுதல், ஆற்றுவாய் வெட்டுதல் என்று அதற்கு ஊரில் பெயர். வெள்ளம் வடிந்தபின் அதே வாயால் கடல்நீர் உள்ளே வரும். இறால் குஞ்சுகளும் அதனோடு வரும். மிகுதியை வெளியே விடுவது, பின்னர் உள்ளே இழுப்பது என்னும் ரேடியேற்றர் மூடியின் இரண்டு வேலைகளையும் இறப்பர் வளையம் ஏதுமின்றி ஒரு மணல்திட்டு செய்துவருகிறது.

எப்போது வெட்டுவது என்பதில்தான் ஊரின் நுட்பம் வெளிப்படுகிறது. பிந்தினால் வாவியின் மேற்குக்கரையான படுவான்கரையின் பெரும்போக வயல் மூழ்கும். முந்தினால் வாவியின் நீரும் மீனும் வீணே கடலுக்குப் போகும். ஆகவே நீர்மட்டம் அளக்கப்படுகிறது, கூட்டம் கூடுகிறது, விவசாயி ஒன்று சொல்ல மீனவர் வேறொன்று சொல்கிறார், அதிகாரிகள் இருவரையும் கேட்டு நாள் குறிக்கின்றனர். அழுத்தத்தோடு இருக்கும் நீரை அவசரப்பட்டுத் திறக்கலாகாது என்பதை இவ்வளவு நுணுக்கமாக அறிந்த ஊர், வானின் மூடியை மட்டும் சூட்டோடு சூடாகத் திருகிவிடுகிறது. உள்ளே அடங்கியிருந்த நீர் அழுத்தம் நீங்கிய கணத்தில் கொதித்துச் சீறிக் கையையும் முகத்தையும் வேகவைக்கும் என்பதும், கொதிக்கும் எஞ்சினில் பாயும் குளிர்ந்த நீர் வார்ப்பிரும்பை வெடிக்கச் செய்யக்கூடும் என்பதும் பாலத்தடியில் நினைவுக்கு வருவதில்லை.

அரைமணி நேரம் ஆறவிட்டு, காய்ச்சி வடித்த நீரில் கலந்த கூலன்றை ஊற்றி, தேய்ந்த மூடிக்குப் பதில் அதே எண் பொறித்த புதிய மூடியைப் போடுவது பழைய வண்டியில் செய்யக்கூடிய மிக மலிவான திருத்தம். இறக்குமதி வரியின் கணக்கு, அந்த வானின் சூடு ஆறும்வரை காத்திருக்கட்டும்.