படுத்தவர் பாயைச் சுருட்டட்டும்

விருதுநகர் பங்குனிப் பொங்கலுக்குப் போகிற வழியில் சொந்தக்காரர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறார்கள் என்று போன் வந்தால் போதும், மல்லாங்கிணற்று வீடுகளில் ஒரு காரியம் நடக்கும். ஹாலில் கிடக்கிற துணி, புத்தகப் பை, சார்ஜர் வயர், ஹெல்மெட், பாதி மடித்த போர்வை எல்லாம் ஒரே அள்ளாக அள்ளிப் படுக்கையறைக் கட்டிலில் கொட்டப்படும். கதவு சாத்தப்படும். வந்தவர்கள் காபி குடித்துவிட்டு, "வீட்டை நல்லா வச்சிருக்கீக" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். ராத்திரி அந்தக் குவியலைக் காலால் சுவரோரம் தள்ளிவிட்டு, மிச்ச இடத்தில் படுப்போம். பொங்கல் முடிந்து ஆடி வந்தாலும் குவியல் அங்கேயே இருக்கும். மேலே புதுத்துணி ஏறியிருக்கும், அவ்வளவுதான்.

பிள்ளை பெற்ற நம் எல்லோரையும் பார்த்துத்தான் இதைச் சொல்கிறேன். காரியாபட்டி, அருப்புக்கோட்டை, திருச்சுழி என்று எந்த ஊரில் போய்க் கேட்டாலும் ஒரே புலம்பல். "எம்புள்ள ஒரு துணியை மடிச்சு வைக்காது, படுத்த பாயை எடுக்காது." சரி, எடுக்க வைத்தீர்களா? என்றைக்கு? போகிக்கு முதல் நாள் பரணை இறக்கி ஒட்டடை அடிக்கிறதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். வருசத்துக்கு ஒரு நாள் செய்வது சடங்கு. நான் கேட்பது தினமும் காலையில் நடக்கிற காரியத்தை.

நம் அப்பா அம்மா காலத்தில் படுக்கையறை என்று தனியாக ஒன்று ஏது? பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒரு பத்தியும் ஒரு அடுப்படியும். ராத்திரி படுத்த இடத்தில்தான் காலையில் கஞ்சி குடிக்க உட்கார வேண்டும். மானாவாரிக் காட்டிலிருந்து பருத்தி வந்து இறங்கினால் அதையும் அங்கேதான் குவிக்க வேண்டும். அருப்புக்கோட்டை நெசவாளர் வீடுகளில் தறியே பாதி வீட்டை எடுத்துக்கொள்ளும். பாயைச் சுருட்டினால்தான் தறிக்குழியில் கால் வைக்க முடியும். அதனால் எழுந்தவர் பாயை உதறுவார், சுருட்டுவார், தலையணையைப் பாய்க்குள்ளே வைத்து மூலையில் சாத்துவார். ஆறு வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். யாரும் ஒழுக்கம் போதித்து இதைக் கற்றுத்தரவில்லை. இடம் இல்லை, அதனால் செய்தார்கள்.

பிறகு வீடு கட்டினோம். சொந்தக் காசிலோ, அரசு வீட்டுத் திட்டத்திலோ, பேங்க் கடனிலோ ஒரு பெட்ரூம் வந்தது. மகள் கல்யாணத்துக்கும் மருமகள் சீர்வரிசையிலும் கட்டில் பீரோ வந்தது. கட்டிலைச் சுருட்ட முடியாது. பகலெல்லாம் காலியாகக் கிடக்கிற அந்த ஆறடிக்கு நாலடிப் பலகை, துணி கொட்ட நல்ல தோதான இடமாகிவிட்டது. இட நெருக்கடி போனதும் அது பிடித்து வைத்திருந்த பழக்கமும் போய்விட்டது. இனி அந்தப் பழக்கத்தை வீடு கற்றுத்தராது. நாம்தான் கற்றுத்தர வேண்டும். அதைத்தான் நாம் செய்யவில்லை.

"அறை கொஞ்சம் கலைஞ்சு கிடந்தா என்ன, குடியா முழுகிப் போச்சு?" என்று கேட்கிறவர்களுக்குக் கட்டுவிரியனைப் பற்றிச் சொல்ல வேண்டும். நம் கரிசலிலும் வேலிக்கருவேலங் காட்டோரத்திலும் இருக்கிற பாம்பு அது. பகலில் பதுங்கிக் கிடந்துவிட்டு ராத்திரியில் இரை தேடும். எலியைத் தேடி வீட்டுக்குள் வரும். தரையில் படுத்திருப்பவர் புரளும்போது கடித்துவிடும். பல் சின்னது, கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ அநேகமாக இருக்காது. விடியற்காலையில் வயிற்று வலி என்று பிள்ளை எழுந்திருக்கும், கண் இமை தொங்கும், பேச்சு குழறும், மூச்சு இழுக்கும். வயிற்று வலிக்குக் கசாயம் வைத்து நேரத்தைக் கடத்திய குடும்பங்கள் உண்டு. அப்படிக் கண்டால் உடனே 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போங்கள், மந்திரிக்கப் போகாதீர்கள். 2000 முதல் 2019 வரை இந்தியாவில் வருசத்துக்குச் சராசரி 58,000 பேர் பாம்புக்கடியால் செத்திருக்கிறார்கள் என்று 2020-ல் வந்த ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அதில் மிகப் பெரும்பாலோர் கிராமத்து ஆட்கள். 2024 நவம்பரில் தமிழ்நாடு அரசு பாம்புக்கடியை மருத்துவமனைகள் கட்டாயம் கணக்குக் கொடுக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் சேர்த்தது.

கட்டில் வாங்கிவிட்டோம், நமக்கென்ன என்று நினைக்க வேண்டாம். கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று இன்றைக்குக் குனிந்து பாருங்கள். பழைய சாக்கு, கிழிந்த பை, மிக்சர் பாக்கெட், ஒற்றைச் செருப்பு. மிக்சர் பாக்கெட்டுக்கு எலி வரும், எலிக்குப் பின்னால் அது வரும். தரை வரை தொங்குகிற போர்வையைப் பிடித்து ஏறத் தேளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. போர்வையை எடுத்து மடித்து, கொசுவலையை மெத்தைக்கு அடியில் நாலு பக்கமும் செருகிவிட்டால் பூச்சி, பாம்பு, கொசு மூன்றுக்கும் ஒரே தடுப்பு. நம் பெரியவர்கள் பாயை உதறிவிட்டுப் படுத்தது வெறும் சம்பிரதாயத்துக்காக இல்லை.

கொசு என்றதும் இன்னொன்று. நமக்குக் குடிதண்ணீர் தினமும் வருவதில்லை. வருகிற அன்றைக்குக் குடம், டிரம், தொட்டி எல்லாவற்றிலும் பிடித்து வைக்கிறோம். டெங்கு பரப்புகிற ஏடிஸ் கொசு அந்த நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். பிறந்த கொசு எங்கே போய் உட்காரும் தெரியுமா? கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், ஆணியில் ஒன்றன் மேல் ஒன்றாகத் தொங்குகிற சட்டைகளின் மடிப்பில். பகலில் கடிக்கிற கொசு அது. டிரம்மை மூடச் சொல்லி வருகிற கொசு ஒழிப்புப் பணியாளரோடு வாசலில் சண்டை போடுகிற நாம், உள்ளே அதற்குக் கொடியில் ஊஞ்சல் கட்டி வைத்திருக்கிறோம்.

இனிச் சொல்லப்போவது தாய்மார் சிலருக்குக் கோபம் வரவைக்கும். வரட்டும். நம் வீட்டில் மகள் ஏழாவது படிக்கும்போதே படுத்த பாயைச் சுருட்டி, தம்பி படுத்ததையும் சுருட்டி, அண்ணன் அவிழ்த்துப் போட்ட கைலியையும் எடுத்து அழுக்குக் கூடையில் போட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போகிறாள். பையன்? "அவன் ஆம்பளப் புள்ளம்மா." 2019-ல் மத்திய அரசு நாடு முழுக்க ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. மக்கள் ஒரு நாளின் நேரத்தை எப்படிச் செலவிடுகிறார்கள் என்று 6 வயதுப் பிள்ளைகளிலிருந்து கேட்டார்கள். சம்பளமில்லாத வீட்டு வேலையில் ஒரு நாளில் கைவைத்த பெண்கள் நூற்றுக்கு 81 பேர். ஆண்கள் 26 பேர். கைவைத்த பெண் சராசரி 299 நிமிடம் செய்தாள். கைவைத்த ஆண் 97 நிமிடம். இந்தக் கணக்கை டெல்லியில் யாரோ எழுதியதாக நினைக்காதீர்கள். தினமும் காலை ஆறு மணிக்கு நம் படுக்கையறையில் எழுதப்படுகிற கணக்கு அது. மில்லுக்கு வேனில் போய் ஷிப்ட் முடித்துத் திரும்புகிற அம்மா, பதினாறு வயதுப் பையனின் ஜட்டியைக் கட்டிலுக்கு அடியிலிருந்து எடுக்கிறாள் என்றால் அது பாசம் என்று நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்தப் பையனைக் கட்டிக்கொண்டு வரப்போகிற பெண்ணுக்கு நாம் முன்கூட்டியே செய்கிற துரோகம் அது.

"படிக்கிற பிள்ளை, அதைப் போய்..." என்று இழுப்பீர்கள். தெரியும். பிளஸ் டூ தேர்ச்சியில் பல ஆண்டுகள் மாநிலத்திலேயே முதலிடம் பிடித்த மாவட்டம் நம்முடையது. படிப்பென்றால் நாம் எதையும் விட்டுக்கொடுப்போம். ஆனால் படித்த பிள்ளை அடுத்து எங்கே போகிறது? மதுரையிலோ கோயம்புத்தூரிலோ விடுதிக்கு. ஒரு அறையில் மூன்று பேர். அங்கே இவன் ஈரத் துண்டை அடுத்தவன் கட்டிலில் போடுவான், சண்டை வரும், போனில் அழுவான். நாமும் பஸ் ஏறிப் போய் வார்டனிடம் அறை மாற்றிக் கேட்போம். பாய் சுருட்ட ஆகிற நேரம் மூன்று நிமிடம். அந்த மூன்று நிமிடத்தில் எந்தப் பாடமும் தப்பிப் போகாது.

எப்படிப் பழக்குவது என்று கேட்டால், நம் ஊருக்கு ஒரு வகையில் தெரிந்த ஒருவரிடமிருந்து தொடங்குகிறேன். இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி. 1907-ல் ரோம் நகரில் சான் லொரென்சோ என்கிற தொழிலாளர் குடியிருப்பில், கூலிக்காரர்களின் பிள்ளைகளுக்காக முதல் பள்ளியைத் தொடங்கினார். அந்தப் பிள்ளைகளின் வீடும் நம் பழைய வீடு மாதிரிதான், ஒற்றை அறைக்குள் ஒரு குடும்பம். 1939-ல் பிரம்மஞான சபை அழைத்துச் சென்னை அடையாறுக்கு வந்தார்; போர் மூண்டதால் ஊர் திரும்ப முடியாமல் 1946 வரை இந்தியாவிலேயே இருந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தார். இன்றைக்கு அவர் பெயரைப் போர்டில் எழுதிக் கட்டணம் வாங்குகிற பள்ளிகள் நிறைய. அவர் சொன்ன அடிப்படைக் காரியங்களில் ஒன்று என்னவோ காசில்லாதது: பிள்ளை கூட்டட்டும், துடைக்கட்டும், துணி மடிக்கட்டும், அதற்கு வேண்டிய சாமான் பிள்ளையின் கைக்கு எட்டுகிற உயரத்தில், பிள்ளையின் அளவில் இருக்கட்டும்.

நம் வீட்டு ஆணியைப் பாருங்கள். அப்பாவின் தலைக்கு மேலே ஓர் அடி. பீரோவின் மேல்தட்டு அம்மாவுக்கே எட்டாது. எட்டு வயதுப் பிள்ளை யூனிபாரத்தை எங்கே மாட்டும்? தரையில்தான் போடும். அரசுப் பள்ளியில் சீருடை, புத்தகம், பை எல்லாம் கொடுக்கிறார்கள்; வாங்கி வந்த பைக்கு வீட்டில் நாம் ஓர் இடம் கொடுக்கவில்லை. முதலில் அதைக் கொடுங்கள். அழுக்குத் துணிக்கு மூடியில்லாத ஒரு கூடை போதும். மூடியைத் திறந்து போட வேண்டியிருந்தால் பிள்ளை மூடி மேலேயே போட்டுவிட்டுப் போகும், பெரியவர்களும் அப்படித்தான்.

பிறகு வேலையைச் சின்னதாக்குங்கள். எழுந்ததும் படுத்ததை மடிக்க வேண்டும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் பையும் துணியும் அதனதன் இடத்துக்குப் போக வேண்டும். படுக்கும் முன் தரையில் எதுவும் கிடக்கக் கூடாது. இதற்கு மேல் ஒன்றும் கேட்காதீர்கள். "ஞாயித்துக்கிழமை மொத்தமா சுத்தம் பண்ணிக்கலாம்" என்கிற பேச்சை வீட்டில் தடை செய்துவிடுங்கள். ஞாயிற்றுக்கிழமை கறி எடுக்கப் போவோம், மத்தியானம் படுத்துத் தூங்குவோம், சாயங்காலம் ஒரு வளைகாப்பு வந்துவிடும்.

இருபத்தோரு நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிற செய்தியை நம்பி இருபத்திரண்டாம் நாள் ஏமாறவும் வேண்டாம். மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்கிற அமெரிக்க ஒட்டறுவை மருத்துவர், மாறிப்போன முகத்துக்கு நோயாளி பழகக் குறைந்தது அத்தனை நாளாவது ஆகிறது என்று 1960-ல் எழுதியது, கைமாறிக் கைமாறி இப்படி ஆகிவிட்டது. லண்டனில் பிலிப்பா லாலி என்பவரும் கூட்டாளிகளும் 96 பேரை வைத்துப் பார்த்தார்கள். ஒரு புதுப் பழக்கம் யோசிக்காமல் தானாக நடக்கச் சராசரி 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசப்பட்டது. அதில் நமக்கு ஆறுதலான சங்கதி ஒன்றும் இருந்தது. நடுவில் ஒரு நாள் தவறினால் பழக்கம் கெட்டுவிடவில்லை. பெரியவர்களிடம் செய்த ஆய்வு அது. பிள்ளைகளுக்கு இன்னும் பொறுமை வேண்டும். ஒரு மண்டலம் விரதமிருந்து மாலை போட்டு மலைக்குப் போகிற ஊர் நாம். ஒன்றரை மண்டலம் பாய் சுருட்டச் சொல்லி நம்மால் நிற்க முடியாதா?

பிள்ளை மடித்த போர்வை கோணலாகத்தான் இருக்கும். அதைப் பிரித்து நீங்கள் திரும்ப மடித்தீர்களானால் அன்றோடு விட்டுவிடும். கோணலாகவே இருக்கட்டும். திட்டிக்கொண்டே நீங்களே எடுத்து வைக்கிறதுதான் எல்லாவற்றிலும் மோசம். கொஞ்ச நேரம் திட்டு வாங்கினால் வேலை முடிந்துவிடும் என்று பிள்ளை படித்துக்கொள்ளும்.

அண்ணாச்சிமாரே, நீங்களும் தப்ப முடியாது. வேட்டியும் கைலியும் நாற்காலி முதுகில், கரண்ட் பில்லும் உரக்கடை ரசீதும் தலையணைக்கு அடியில், செல்போன் வயர் கட்டிலுக்குக் குறுக்கே. இதைப் பார்த்து வளர்கிற மகனிடம் ஒழுங்கு பேசினால் வாய்க்குள் சிரிப்பான். சித்திரை வெயில் நம்மிடம் வேண்டிய மட்டும் இருக்கிறது, கரிசல் புழுதியும் இருக்கிறது. போடிநாயக்கனூர் இலவம்பஞ்சு மெத்தையோ வேறு மெத்தையோ, வாரம் ஒரு தரம் மாடிக்குத் தூக்கிப் போய் வெயிலில் போட்டுத் தட்டுங்கள். ராத்திரியெல்லாம் தும்முகிற பிள்ளைக்கு முதலில் பார்க்க வேண்டியது மெத்தையில் படிந்த தூசியை. மெத்தையைத் தூக்க இரண்டு ஆள் வேண்டும்; அந்த இரண்டாவது ஆள் மகனாக இருக்கட்டும்.

இன்று சாயங்காலம் கடையில் பத்து ரூபாய்க்கு ஆணி வாங்குங்கள். பிள்ளையைச் சுவரோரம் நிறுத்தி, கை எட்டுகிற இடத்தில் கோடு போட்டு, அங்கே அடியுங்கள். நாளைக் காலையில் பாயைச் சுருட்டாமல் எழுந்து போனால் கூப்பிட்டுச் சுருட்டச் சொல்லுங்கள். வேன் வந்து ஹாரன் அடித்தாலும் சரி, பாட்டி பரிந்துகொண்டு வந்தாலும் சரி, நீங்கள் அந்தப் பாயைத் தொடாதீர்கள்.