உயிரோடிருப்பவருக்கு ஒரு விளக்கு

எனது தாயாரின் 80ஆவது பிறந்தநாளை முன்னிட்டு அண்மையில் எங்கள் வீட்டில் ஒரு கருத்து முரண்பாடு ஏற்பட்டது. விடயம் மிகச் சிறியது. ஆனால் அதன் அடியில் கிடந்தது சிறியதல்ல என்பதனால் இங்கு எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் சிறிய மண்டபம் ஒன்றில் இராப்போசனம் ஏற்பாடாகியிருந்தது. பன்னிரண்டு மேசைகள். பூ அலங்காரம் செய்பவர் ஒரு மேசைக்குக் கேட்ட தொகையைக் கேட்டதும் நான் பேசாமல் தொலைபேசியை வைத்துவிட்டேன். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த தங்கையின் மகள் மாற்று யோசனை ஒன்றைச் சொன்னாள். வெறும் ஜாம் போத்தல்களைச் சேகரித்து, அம்மம்மாவின் பழைய படங்களை ஒளி ஊடுருவும் தாளில் அச்சிட்டுப் போத்தலைச் சுற்றி ஒட்டி, உள்ளே ஒரு சிறு விளக்கை வைத்தால் மேசைக்கு அழகாகவும் இருக்கும், விருந்தினர் போகும்போது பரிசாகக் கொடுத்துவிடவும் முடியும் என்றாள். எல்லோரும் தலையசைத்தோம், சின்னம்மாவைத் தவிர.

"உயிரோடை இருக்கிற மனிசியின்ரை படத்துக்கு ஆரும் விளக்குக் கொளுத்துவினமே தம்பி?" என்று கேட்டார் சின்னம்மா.

எங்கள் சமூகத்தில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கேள்வி புதியதல்ல. படத்துக்கு மாலை போடுவதும் அதன் முன் விளக்கேற்றுவதும் ஒருவர் போன பின்னர் செய்யும் காரியங்கள். வீட்டுச் சுவரில் ஒரு படத்தின் மேல் சிறு மின்குமிழ் எரிந்தால், அவர் இல்லை என்பதை எவரும் சொல்லாமலே விளங்கிக்கொள்வோம். ஆகவே சின்னம்மாவின் ஆட்சேபத்தை மூடநம்பிக்கை என்று ஒரே சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதேவேளை அதை ஏற்றுக்கொள்ளவும் இயலவில்லை. அதற்கு எனது தொழில் ஒரு காரணம்.

பத்திரிகை அலுவலகத்தில் பணியாற்றிய ஆரம்ப ஆண்டுகளில், ஆசிரிய பீடத்துக்குச் செல்லும் வழியில் விளம்பரப் பகுதியைக் கடந்துதான் போகவேண்டும். மரண அறிவித்தல் கொடுக்க வருவோர் அங்கே வரிசையில் நிற்பார்கள். அவர்களுடைய கையிலிருக்கும் படங்களை நான் கவனித்ததுண்டு. பெரும்பாலும் தேசிய அடையாள அட்டைப் படம். அல்லது எவருடையதோ கல்யாணத்தில் எடுத்த குழுப்படம். மூன்றாவது வரிசையில் நிற்கும் ஒரு தலையைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருக்கும். "இந்த முகத்தை மட்டும் வெட்டி எடுக்கேலுமோ ஐயா?" என்று கேட்பார்கள். எழுபது வருடம் வாழ்ந்த ஒருவரின் தெளிவான முகத்தை அவருடைய குடும்பம் முதன்முதலாகத் தேடுவது அவர் இறந்த அன்றுதான். பின்னர் 31ஆம் நாளுக்கு நினைவு மலர் அச்சிடுவோம். கல்வெட்டு என்று நாம் சொல்லும் அந்த நூலில் அவருடைய சிறுபராயம், கல்வி, உத்தியோகம், குணநலன்கள் யாவும் அழகு தமிழில் இடம்பெறும். வாசித்து மகிழ வேண்டியவர் மாத்திரம் அங்கு இருக்கமாட்டார்.

இதைத்தான் சின்னம்மாவிடம் சொன்னேன். அவர் பதில் சொல்லவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

நாங்கள் படங்களைத் தேடத் தொடங்கினோம். தேடினோம் என்று சொல்வது எளிது. 1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் தென்மராட்சியை நோக்கி நடந்தபோது எங்கள் குடும்பமும் நடந்தது. காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், நகை, கொஞ்சம் அரிசி என்று எடுத்தோமே தவிர, அல்பம் எவருடைய நினைவிலும் இருக்கவில்லை. திரும்பிச் சென்றபோது அலுமாரியே இல்லை. ஆகவே எங்கள் வீட்டுப் படங்கள் எங்கள் வீட்டில் கிடையா. எப்போதோ கடிதத்துக்குள் வைத்து வெளிநாட்டு உறவினருக்கு அனுப்பியவைதான் எஞ்சியிருந்தன. லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்த பழைய பெட்டிகள் திறக்கப்பட்டன. இரண்டு வாரங்களில் வட்ஸ்அப் வழியாக நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்து சேர்ந்தன.

ஒவ்வொரு மாலையும் மடிக்கணினியை அம்மாவின் முன்னால் வைத்தோம். பள்ளிக்கூட வலைப்பந்தாட்டக் குழுவின் படம் ஒன்று. அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒன்பது பெண்களின் பெயர்களையும் அம்மா வரிசையாகச் சொன்னார். யார் எந்த ஊர், யார் யாரை முடித்தது, யார் இன்று இல்லை என்பதையும் சொன்னார். மருமகள் கொப்பியில் எழுதிக்கொண்டாள். முப்பது வருடங்கள் செய்தி எழுதியவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்த ஓர் உண்மை இதுதான்: பெயரில்லாத படம் அரைச் செய்தி. அந்தப் பெயர்களைச் சொல்லக்கூடியவர் உயிரோடு இருக்கும்போதே கேட்காவிட்டால், பின்னர் எந்த ஆவணக் காப்பகத்திலும் அவை கிடைக்கமாட்டா. வெளிச்சக்கூடு செய்வோம் என்று தொடங்கியிராவிட்டால் நாங்கள் கேட்டிருக்கமாட்டோம்.

செய்முறையைக் கேட்கும் வாசகர்களுக்காகச் சற்று விபரமாகச் சொல்கிறேன்.

போத்தலை வெந்நீரில் ஊறவைத்தால் லேபல் கழன்றுவிடும். மிஞ்சும் பசையைத் தேங்காய் எண்ணெய் தடவித் துடைத்து, சவர்க்காரமிட்டுக் கழுவிக் காயவைக்கவேண்டும். ஒரு நூலைச் சுற்றி அளந்து பார்த்தோம். எங்கள் போத்தல்களின் சுற்றளவு 22 சென்ரிமீற்றர், நேரான பக்கத்தின் உயரம் 9 சென்ரிமீற்றர். ஒன்றன்மேல் ஒன்று ஒட்டுவதற்கு 1 சென்ரிமீற்றர் சேர்த்தால் 23க்கு 9 என்ற அளவில் ஒரு பட்டி. ஏ4 தாள் ஒன்றில் இத்தகைய இரண்டு பட்டிகள் அடங்கும். பன்னிரண்டு போத்தலுக்கு ஆறு தாள்கள் போதுமானவை. பட்டி ஒன்றில் நான்கு படங்கள்.

தாள், கட்டட வரைபடம் கீறுவோர் பாவிக்கும் ட்ரேசிங் தாள். மெல்லியதாக இருந்தால் அச்சுப்பொறிக்குள் சிக்கிக்கொள்ளும், ஆகவே சற்றுத் தடித்ததாகப் பார்த்து வாங்கவேண்டும். லேசர் அச்சுப்பொறியில் அச்சிடுவதே நல்லது. மை தெளிக்கும் இயந்திரத்தில் அச்சிட்டால் மை காய நேரமெடுக்கும், கை பட்டால் அழிந்துவிடும். ட்ரேசிங் தாள் கிடைக்காவிட்டால் சாதாரண வெள்ளைத் தாளில் லேசரில் அச்சிட்டு, அதன் பின்பக்கத்தில் பஞ்சினால் மிகக் கொஞ்சம் தேங்காய் எண்ணெய் தடவி ஒற்றியெடுத்தால் அதுவும் ஒளியை உள்ளே விடும். ஆனால் எண்ணெய்த் தாளுக்கு அருகில் நெருப்புக் கொண்டுபோகக்கூடாது.

முதற் போத்தலில் நாங்கள் ஒரு பிழை விட்டோம். படங்களைக் கணினியில் பார்த்த அளவிலேயே அச்சிட்டோம். விளக்கை வைத்ததும் இருண்ட பகுதிகள் வெறும் கறுப்பாகி, முகங்கள் மறைந்துவிட்டன. எனக்கு இது முன்னரே தோன்றியிருக்கவேண்டும். கணினி வருமுன்னர் பத்திரிகைப் பக்கங்களின் பிலிம்களை ஒளிமேசையில் விரித்துத்தான் சரிபார்ப்போம். முன்னாலிருந்து விழும் வெளிச்சத்தில் பார்க்கும் படம் வேறு, பின்னாலிருந்து வரும் வெளிச்சத்தில் பார்க்கும் படம் வேறு. படத்தை அச்சிடுமுன் கணிசமாக வெளிறச் செய்துகொள்ளவேண்டும். பின்னணி வெளிச்சமாக உள்ள கறுப்பு வெள்ளைப் படங்களே இதற்கு மிகப் பொருத்தமானவை. பசை பூசினால் வெளிச்சத்தில் கறையாகத் தெரியும். இருபக்கமும் ஒட்டும் நாடாவைத் தாளின் ஓரத்தில் மட்டும் ஒட்டினோம். மூலப் படத்தை எக்காரணம் கொண்டும் வெட்டக்கூடாது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

பன்னிரண்டு கூடுகளுக்கும் விளக்குகள் உட்பட ஐயாயிரம் ரூபாவுக்குள் செலவு முடிந்தது. போத்தல்கள் மாடிவீட்டின் அயலவர் கொடுத்தவை.

அவர்களில் ஒருவரான சிங்களப் பெண்மணி முதற்கூட்டைப் பார்த்துவிட்டு, "இது வெசாக் கூடுதானே" என்றார். உண்மைதான். மூங்கில் ஈர்க்கில் சட்டம் கட்டி, மெல்லிய வர்ணத்தாள் ஒட்டி, எட்டு முகங்களோடு அவர்கள் செய்யும் அட்டபட்டமவின் தத்துவமும் இதுவே: தாளுக்குப் பின்னால் வெளிச்சம். ஆனால் அம்மாவின் நினைவு வேறிடத்துக்குச் சென்றது. "உதென்ன, ஜாம் போத்தல் விளக்கே?" என்று கேட்டுச் சிரித்தார்.

வெளிநாட்டில் பிறந்த மருமகளுக்கு அந்தச் சிரிப்பு விளங்கவில்லை. 1990 ஜூனில் மீண்டும் போர் வெடித்த பின்னர் யாழ்ப்பாணம் ஆண்டுக்கணக்கில் மின்சாரமின்றி இருந்தது. மண்ணெண்ணெய்க்குத் தடை, கிடைத்தாலும் நெருப்பு விலை. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சும் சில துளி மண்ணெண்ணெயும் ஒரு நூல்திரியும் வைத்து எரித்த அந்த விளக்கைச் சுற்றியிருந்துதான் ஒரு தலைமுறை பரீட்சைக்குப் படித்தது. தன் பேர்த்தி வெளிநாட்டு நாகரிகம் ஒன்றைக் கொண்டுவந்ததாக எண்ணியிருந்தாள். அம்மம்மா அதை முன்னரே எரித்திருந்தார். இத்தகைய கைவேலைகளை மேலைத்தேய இறக்குமதி என்று முகம் சுளிப்போருக்கு இதற்கு மேல் நான் பதில் சொல்லவேண்டியதில்லை.

இனிச் சின்னம்மாவின் விடயத்துக்கு வருகிறேன்.

வந்த படங்களில் 2003இல் எடுத்த குடும்பப் படம் ஒன்றிருந்தது. அம்மா நடுவில் அமர்ந்திருக்கிறார். பின்வரிசையில் சின்னம்மாவின் மூத்த மகன் நிற்கிறான். 2009 மே மாதத்துக்குப் பின்னர் அவனைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை. படம் நன்றாக இருந்ததால் மருமகள் அதை முதற்பட்டியிலேயே சேர்த்திருந்தாள். சின்னம்மா அதைத் திரையில் கண்டதும், "அதை எடுத்துப்போடு பிள்ளை" என்றார். அவ்வளவுதான் சொன்னார்.

விளக்கேற்றுவது என்பது அவருக்கு ஒரு முடிவை ஏற்றுக்கொள்வது. 2017 பெப்ரவரியில் கிளிநொச்சியில் போராட்டத்தைத் தொடங்கிய தாய்மாரைப் பற்றி நான் எழுதியிருக்கிறேன். பிள்ளையின் படத்தை நெஞ்சோடு அணைத்து வீதியோரத்தில் இருந்த அவர்களில் பலர் அதற்கு மாலை போட மறுத்ததைக் கண்டிருக்கிறேன். கண்டும், என் வீட்டிலேயே இருந்த ஒருவரை விளங்கிக்கொள்ளத் தவறிவிட்டேன். மரண அறிவித்தல் வரிசையைப் பற்றி அவரிடம் நான் ஆற்றிய பிரசங்கம் இப்போதும் என்னை உறுத்துகிறது.

அந்தப் படத்தை எடுத்துவிட்டோம். மற்றைய படங்களுக்கும் நெருப்பு வைப்பதில்லை என்று முடிவு செய்து, பற்றறியில் எரியும் சிறு விளக்குகளை வாங்கினோம். மண்டபத்தில் மேசைவிரிப்பும் குழந்தைகளும் இருக்கையில் அதுவே பாதுகாப்பானதும்கூட. ஆனால் அவற்றின் நாணயம் போன்ற பற்றறியைக் குழந்தைகள் விழுங்கினால் பேராபத்து. மூடி திருகாணியால் இறுக்கப்பட்டதாகப் பார்த்து வாங்குவது அவசியம். "நெருப்பில்லையெண்டால் அது விளக்கில்லை, லைற்" என்று சின்னம்மா தாமாகவே ஒரு தீர்ப்பு வழங்கினார். சம்பிரதாயமும் தீயணைப்பு விதியும் ஒரே இடத்தில் உடன்பட்டதை அன்றுதான் கண்டேன்.

விருந்தன்று மண்டபத்தின் பெரிய விளக்குகளை அணைத்தோம். பன்னிரண்டு மேசைகளிலும் அம்மாவின் எண்பது வருடங்கள் எரிந்தன. பலர் உணவை விட்டுவிட்டு மேசைக்கு மேசை சென்று பார்த்தார்கள். அம்மா பேச்சு எதுவும் நிகழ்த்தவில்லை. தன் அண்ணனோடு நிற்கும் கூட்டை அருகில் கொண்டுவரச் சொன்னார். "அண்ணையின்ரை முகம் தெளிவில்லை, கொஞ்சம் திருப்பு" என்றார். திருப்பினேன். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எனது கருத்து இதுதான். நாம் நம்மவருக்கு விளக்கேற்றவும் அவர்களைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதவும் மரணம் வரை காத்திருக்கிறோம். அந்தச் செலவில் ஒரு சிறு பகுதியை, அந்தத் தேடலில் ஒரு பாதியை, அவர்கள் இருக்கும்போதே செய்துவிடலாம். போத்தலும் தாளும் ஒரு சாட்டு மாத்திரமே. படங்களைத் தேடுவதும், பெயர்களைக் கேட்டு எழுதுவதும், எந்தப் படத்துக்கு வெளிச்சம் வைக்கக்கூடாது என்பதைக் கேட்டறிவதுமே அதன் பயன்.

விருந்து முடிந்து புறப்படும்போது சின்னம்மா தன் பங்குக் கூட்டை எடுத்துக்கொண்டார். வாசலில் நின்று, "தம்பி, அந்தப் படத்திலை ஒரு பிரதி எனக்கு வேணும். சட்டம் போடவேண்டாம். சும்மா தா" என்றார்.

மறுநாள் ஒரு தபாலுறையில் இட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.