ஆறு வாரம் போக மீதி

அலெக் கேம்பெல் 2002 மே 16 அன்று டாஸ்மேனியாவில் 103 வயதில் காலமானார். முதல் உலகப் போரில் துருக்கியின் கலிப்போலி தீபகற்பத்தில் நடந்த போரில் பங்கேற்றவர்களில் கடைசியாக எஞ்சியிருந்தவர். ஆஸ்திரேலியாவில் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. சீனப் பயணத்தைச் சுருக்கிக்கொண்டு பிரதமர் ஜான் ஹோவர்ட் இறுதிச்சடங்குக்கு ஹோபார்ட் வந்து சேர்ந்தார். தேசத்தைப் பெற்றெடுத்த போரின் நாயகர், அந்தக் களம் வார்த்தெடுத்த மனிதர் என்பதே அவரைப் பற்றி இன்றும் நிலைத்திருக்கும் பேச்சு.

முதலில் தேதிகளைப் பார்ப்போம். ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வீரர்களின் அன்சாக் படை கலிப்போலியில் கரையேறியது 1915 ஏப்ரல் 25. அங்கே நடந்த புகழ்பெற்ற லோன் பைன் சண்டை ஆகஸ்டில் முடிந்துவிட்டது. கேம்பெல் அங்கே போய்ச் சேர்ந்ததோ நவம்பர் தொடக்கத்தில். டிசம்பர் 20க்குள் படை முழுவதும் அந்தக் கரையைக் காலிசெய்துவிட்டது. ஆக, 103 ஆண்டு ஆயுளில் ஏறத்தாழ ஆறு வாரம். வீரக்கதையில் வரும் பாய்ச்சல்கள் எதிலும் அவர் இல்லை.

சரி, அங்கே என்ன செய்தார்? 16 வயதில் 18 என்று பொய் சொல்லிப் படையில் சேர்ந்த அந்தப் பொடியன், தோட்டாக்களையும் தண்ணீரையும் மேலே அகழிகளுக்குச் சுமந்தான். அபாயமில்லாத வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். குடிநீரே படகில் வரவேண்டிய அந்த மேட்டில் குண்டுகள் ஓயாமல் பறந்தன. ஆனால் அது சுமைகூலியின் துணிச்சல். அதற்கு வாள் வேடம் போடுவானேன்? பிறகு நோயில் விழுந்து, முகத்தின் ஒரு பக்கம் செயலிழக்க, 1916இல் படையிலிருந்து விடுவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 17.

போர்க்களம் வார்த்தது என்ற வாதம்தான் எனக்கு மிகவும் உறுத்துகிறது. அதன்பின் அவர் மாட்டுப்பண்ணையில் வேலை பார்த்தார். ரயில் பெட்டி கட்டினார். கான்பெராவில் பழைய நாடாளுமன்றக் கட்டடம் எழும்பியபோது அங்கே உழைத்தார். ரயில்வே தொழிற்சங்கத்தின் டாஸ்மேனியக் கிளைக்குத் தலைவரானார். ஐம்பது வயதுக்கு மேல் பொருளாதாரப் பட்டம் வாங்கினார். சிட்னியிலிருந்து ஹோபார்ட் வரை கொந்தளிக்கும் கடலில் நடக்கும் பாய்மரப் படகுப் போட்டியில் ஆறு முறை கலந்துகொண்டார். ஒன்பது பிள்ளைகள், கடைசிக் குழந்தை பிறந்தபோது தகப்பனுக்கு வயது 69! இத்தனையையும் ஆறு வாரக் கணக்கில் எழுதிவைப்பது அநியாயம். போரைப் பற்றி அவரே அதிகம் பேசியதில்லை. தொழிலாளர் உரிமைக்கு நின்ற தலைவரை ‘கடைசி அன்சாக்’ என்ற பட்டம் மூடி மறைத்துவிடுகிறது.

அவரோடு ஒரு தலைமுறையின் போர் நினைவே முடிந்தது என்பதும் தவறு. கலிப்போலியில் மடிந்த ஆஸ்திரேலியர் ஏறத்தாழ 8,000 பேர்; பிரான்ஸ், பெல்ஜியம் மண்ணில் மடிந்தவர்கள் சுமார் 46,000. அந்த மேற்குப் போர்முனைக்குப் போய்த் திரும்பியவர்களில் கடைசி ஆஸ்திரேலியரான பீட்டர் காசர்லி 2005 வரை உயிரோடு இருந்தார்.