எங்கட பிள்ளை ஓட முடியாத ரோட்டில் யாருக்குச் சைக்கிள் பாதை?



கொஞ்சம் நீளமான பதிவு. முழுசாக வாசித்துவிட்டு ஏச வேண்டுமென்றால் ஏசுங்கள்.

கொஞ்ச நாளாக ஊர்க் குழுக்களில் இதே பேச்சுத்தான். அக்கரைப்பற்றிலிருந்து பொத்துவில், அறுகம்பை, பாணம வரைக்கும் கரையோரமாக உல்லாசப் பயணிகளுக்குச் சைக்கிள் பாதை வர வேண்டுமாம். வெள்ளைக்காரர் ஹெல்மட் போட்டுக்கொண்டு ஓடுகிற படம், சூரிய உதயப் படம், கீழே "மாஷா அல்லாஹ், எங்கட மண்" என்று நூறு கொமென்ட்.

நான் இதற்கு எதிரி இல்லை. அந்த ரோட்டில் பல வருசமாகச் சைக்கிள் ஓடுகிறவன் நான். சுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டால் தம்பிலுவில், திருக்கோவில் தாண்டும்போது நன்றாக வெளிச்சம் வந்துவிடும். கோமாரிப் பக்கம் போனால் வீடுகள் குறையும், பற்றைக்காடும் களப்பும் கடல் காற்றும்தான். நாட்டின் கிழக்கு முனையான சங்கமன்கண்டி அந்த வழியில்தான் இருக்கிறது. பொத்துவில் வரை ஏறத்தாழ 45 கிலோமீட்டர், ஏற்றம் என்று சொல்ல ஒன்றும் இல்லை, கியர் இல்லாத சைக்கிளே போதும். சுனாமிக்குப் பிறகு 2008இல் திறந்த அறுகம்பைப் பாலத்தில் நின்று களப்பைப் பார்த்தால் திரும்பி வர மனசு வராது. அங்கிருந்து பாணமவுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். யானை ரோட்டைக் கடக்கிற இடம் என்பதால் இருட்டில் போகக் கூடாது.

ஒரே ரோட்டில் முஸ்லிம் ஊர், தமிழ் ஊர், சிங்களமும் தமிழும் கலந்த பாணம எல்லாம் வருகிறது. வருசா வருசம் கதிர்காமத்துக்குக் கால்நடையாகப் போகிறவர்களும் இதே வழியால்தான் போகிறார்கள். மெதுவாகப் போகிறவனுக்கு இந்த ரோட்டில் எப்போதும் இடம் இருந்தது. இப்போது அந்த இடம்தான் பறிபோயிருக்கிறது.

விஷயத்துக்கு வருகிறேன்.

என் வகுப்பில், தரம் 10இல், ஒரு பெண்பிள்ளை. பெயர் வேண்டாம். பாடசாலை விட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, பின்னேர வகுப்புக்குச் சைக்கிளில் வருகிற பிள்ளை. போன தவணை ஒருநாள் அப்படி வரும்போது, ஒரு பஸ்ஸை இன்னொரு பஸ் முந்திக்கொண்டு வந்தது. பிள்ளை பயந்து கரைக்கு ஒதுங்கியது. காபட் முடிகிற இடத்துக்கும் கிறவலுக்கும் நாலு விரல் பள்ளம். முன் சில்லு சறுக்கி விழுந்தது, மணிக்கட்டு முறிந்தது. பஸ் நிற்கவில்லை. முறிந்த கை இரண்டு மாதத்தில் பொருந்திவிட்டது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வாப்பா சைக்கிளை விற்றுவிட்டார்.

நான் வீட்டுக்குப் போய்க் கதைத்தேன். அவர் கடலுக்குப் போகிற மனுசன். சொன்னது இதுதான்: "சேர், புள்ள உசிரோட இருந்தாக் காணும். படிப்பப் பொறகு பாப்பம்." என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஓட்டோவுக்குக் காசு இருக்கிற நாளில் மட்டும் இப்போது அந்தப் பிள்ளை வகுப்புக்கு வருகிறது. மற்ற நாள் அந்தக் கதிரை வெறுமையாகக் கிடக்கிறது.

இப்போது சொல்லுங்கள். ஒரு கிலோமீட்டர் தூரத்து வகுப்புக்கு எங்கள் பிள்ளை சைக்கிளில் வர முடியாத ரோட்டுக்கு, 45 கிலோமீட்டர் சைக்கிள் பாதை என்று பெயர்ப் பலகை நட்டால் போதுமா?

சிலர் "விதி" என்பார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறவர்கள் நாம். நாலு விரல் பள்ளத்தைக் கிறவல் போட்டு நிரப்பாமல் விட்டது யாருடைய விதி? ஊருக்குள் 50 கிலோமீட்டர் வேகம் என்று சட்டம் இருக்கும்போது, டைம் பிடிக்கப் பறக்கிற பஸ்ஸை ஒருவரும் கேட்காதது யாருடைய விதி?

சிலர் "ரோட்டில் இடம் இல்லை, சேர்" என்பார்கள். இடம் இருக்கிறது, அதைப் பிடித்து வைத்திருப்பது நாங்கள்தான். அறுவடைக் காலத்தில் பாதி ரோட்டில் நெல் காய்கிறது, பக்கத்தில் கல்லும் வைத்திருக்கிறோம். விவசாயியைக் குறை சொல்லவில்லை, களம் கட்டிக் கொடுக்காமல் அவர் எங்கே காயப் போடுவார்? கடைக்கு முன்னால் வெள்ளைக் கோட்டுக்கு மேலேயே வேன் நிற்கிறது. வீடு கட்ட இறக்கிய மண் மாதக் கணக்கில் ரோட்டுக் கரையில் கிடக்கிறது. பாதையில் கிடக்கிற இடைஞ்சலை அகற்றுவது ஈமானின் ஒரு கிளை என்று மத்ரசாவில் ஓதிய நாங்கள்தான் அந்த இடைஞ்சலைக் கொண்டுவந்து கொட்டுகிறோம்.

சிலர் "இந்தக் காலத்தில் யார் சைக்கிள் ஓடுகிறான்" என்பார்கள். 2022ஐ அதற்குள் மறந்துவிட்டீர்களா? பெட்ரோல் வரிசையில் இரவு படுத்தோம். பிறகு கியூஆர் காட்டி அளந்து அடித்தோம். அந்த நாட்களில் கோடிக்குள் துருப்பிடித்துக் கிடந்த சைக்கிளைத் தேடி எடுத்து ஓடாத வீடு எது? டொக்டர் ஓடினார், அதிபர் ஓடினார், நானும் ஓடினேன். அப்போது அது கெட்டித்தனம். பெட்ரோல் வந்ததும் சைக்கிள் மறுபடியும் ஏழையின் வாகனமாகிவிட்டது. லைசன் எடுக்கிற வயசு வராத மகனுக்கு மோட்டார் சைக்கிளைக் கொடுத்துவிட்டு "அவன் கெட்டிக்காரன்" என்று பெருமைப்படுகிறோம். பக்கத்து வீட்டுப் பிள்ளையை நடுங்க வைக்கிறவனும் அதே கெட்டிக்காரன்தான்.

இன்னும் சிலர் இன்பொக்ஸில் வருவார்கள், "பெரிய பிள்ளைக்குச் சைக்கிள் எதற்கு" என்று. வெள்ளை யூனிபோமும் பர்தாவும் போட்டுக்கொண்டு காலையில் வரிசையாக சைக்கிளில் போகிற எங்கள் பெண்பிள்ளைகளில் நீங்கள் என்ன குறை கண்டீர்கள்? தெரியாத ஓட்டோவில் தனியாக ஏற்றி அனுப்புவதைவிட, நாலு கூட்டாளிமாரோடு சைக்கிளில் வருவது எந்த வகையில் குறைவு? அந்தப் பிள்ளைகள் ஓட்டத்தை நிறுத்துவது வெட்கத்தால் இல்லை, பயத்தால். அந்தப் பயத்தைப் போக்க வேண்டியது பெரியவர்களின் கடமை.

உல்லாசப் பயணிக்காகப் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கச்சான் அடிக்கிற மாதங்களில்தான் அறுகம்பையில் சீசன். பொத்துவிலிலிருந்து வடக்கே திரும்பி ஓடிப் பாருங்கள். இடப்பக்கத்தால் அடிக்கிற காற்று சைக்கிளை நடுரோட்டுக்குத் தள்ளும். பின்னால் டிப்பர் ஹோர்ன் அடிக்கும். பிரான்ஸிலும் ஸ்பெயினிலும் ஊருக்கு வெளியே சைக்கிளை முந்துகிற வாகனம் ஒன்றரை மீட்டர் விலகிப் போக வேண்டும் என்பது சட்டம். அந்தப் பழக்கத்தோடு வருகிறவன் இங்கே ஒருநாள் ஓடினால் மறுநாள் சைக்கிளை வேனில் ஏற்றிவிடுவான். பிள்ளைகள் பயமில்லாமல் ஓடுகிற ரோடாக இருந்தால், பலகை இல்லாமலே அவன் வருவான்.

ஆகவே என் கோரிக்கைகள். பெரிய திட்டம் எதுவும் இல்லை.

வீதிக்குப் பொறுப்பான அதிகாரிகளுக்கு: காபட் ஓரத்துப் பள்ளத்தை நிரப்பி, கிறவலைச் சமப்படுத்துங்கள். பாடசாலை, டியூசன் வகுப்பு இருக்கிற பகுதிகளில் இருந்து தொடங்குங்கள்.

பிரதேச சபைகளுக்கு: ஊருக்குள் பிரதான வீதிக்குச் சமாந்தரமாக ஓடுகிற உள்வீதிகளுக்கு லைட் போட்டு, மண்ணை அகற்றுங்கள். சின்னப் பிள்ளைகளின் சைக்கிள் பாதை அதுதான். நெல்லுக்குக் களம் கட்டுங்கள்.

பொலிஸாருக்கு: காலை 7 மணிக்கும் பகல் 1.30க்கும் பாடசாலைகளுக்கு முன்னால் நில்லுங்கள். டிப்பரை அந்த அரை மணி நேரம் மறித்து வையுங்கள்.

பள்ளி நம்பிக்கையாளர்களுக்கு: ஒரு ஜும்ஆவில் இதைப் பேச வையுங்கள். பள்ளிக்கு முன்னால் ரோட்டில் நிற்கிற வாகனத்திலிருந்து தொடங்குங்கள்.

பெற்றோருக்கு: பிள்ளையின் சைக்கிளுக்குப் பிறேக்கும் பின்னால் சிவப்பு லைட்டும் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். மகனின் மோட்டார் சைக்கிள் திறப்பை உங்கள் கையில் வாங்குங்கள்.

எனக்கு: அந்தப் பிள்ளைக்கு ஒரு சைக்கிள் வாங்க நாங்கள் நாலைந்து ஆசிரியர்கள் காசு சேர்த்துவிட்டோம். கடையிலும் சொல்லி வைத்தாயிற்று. ஆனால் அதை அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்த எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. "சேர், ரோடு சரியாப் போச்சா?" என்று அந்த வாப்பா கேட்டால் நான் என்ன சொல்வேன்?

அதற்குப் பதில் கிடைக்கிற அன்றைக்கு உங்கள் சைக்கிள் பாதைப் பதிவுக்கு முதல் லைக் நான் போடுகிறேன், இன்ஷா அல்லாஹ். அதுவரை சூரிய உதயப் படத்தை அனுப்பாதீர்கள். உங்கள் வாசலுக்கு முன்னால் ரோட்டுக் கரை எப்படிக் கிடக்கிறது என்று ஒரு படம் எடுத்துக் கொமென்ட்டில் போடுங்கள்.

வஸ்ஸலாம்.