படுத்தவரை நடக்க வைக்கும் பயிற்சி!

"வாதம் வந்தால் ஆள் அவ்வளவுதான்" என்று சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். இது தவறு. படுத்தவரை உட்கார வைத்து, உட்கார்ந்தவரை நிற்க வைத்து, நின்றவரை நடக்க வைக்கப் பாடுபடும் ஒருவர் இருக்கிறார். அவர்தான் பிசியோதெரபிஸ்ட். தமிழில் இயன்முறை சிகிச்சையாளர் என்பார்கள்.

அவர் வேலை என்ன?

அவர் எண்ணெய் தேய்த்து உருவி விடுபவர் அல்ல. எந்தத் தசை பலம் இழந்தது, எந்த மூட்டு இறுகியது என்று சோதிப்பார். அதற்கு ஏற்ற பயிற்சியைச் சொல்லிக் கொடுப்பார்.

வாதத்தில் மூளையின் ஒரு பகுதி கெடுகிறது. ஓர் அசைவைத் திரும்பத் திரும்பச் செய்தால், மூளையின் மற்றப் பகுதிகள் அந்த வேலையைப் பழகிக் கொள்ளும். பயிற்சியின் ரகசியம் இதுதான்.

வாதம் மட்டும் அல்ல. திருநெல்வேலியை அடுத்த பேட்டையில் பெண்கள் பலர் பீடி சுற்றிப் பிழைக்கிறார்கள். சொளவை மடியில் வைத்து, தலை குனிந்து, பல மணி நேரம் உட்காருகிறார்கள். கழுத்தும் இடுப்பும் வலிக்காமல் இருக்குமா? மாத்திரை வலியை அடக்கும். உட்காரும் விதத்தைத் திருத்துவதும், இடையில் எழுந்து செய்ய வேண்டிய பயிற்சியைக் காட்டுவதும் பிசியோதெரபிஸ்ட் வேலை.

பொறுப்பு பெரிது

பயிற்சியின்போது நெஞ்சு வலித்தாலோ, மூச்சுத் திணறினாலோ, உடனே நிறுத்தி டாக்டரிடம் அனுப்ப வேண்டும். "முழுதும் குணமாகும்" என்று பொய் ஆசை காட்டக் கூடாது. இருக்கிற பலத்தை வைத்து வாழக் கற்றுத் தரவேண்டும்.

அப்படி வாழ முடியுமா? முடியும்! பேட்டை வழியாகச் செல்லும் ரயில் தென்காசிக்குப் போகிறது. அதன் பக்கத்து ஊர் ஆய்க்குடி. அந்த ஊர் எஸ். ராமகிருஷ்ணன், 1975-ல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது முதுகுத் தண்டில் அடிபட்டார். கழுத்துக்குக் கீழே செயல் இழந்தது. ஆனால் அவர் முடங்கவில்லை. 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கினார். 2020-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். மாற்றுத் திறனாளிக் குழந்தைகளுக்கு அந்தச் சங்கம் பயிற்சி அளிக்கிறது. பெற்றோருக்கும் சொல்லிக் கொடுக்கிறது.

வீட்டார் கவனிக்க!

பெற்றோருக்கு ஏன்? பிசியோதெரபிஸ்ட் இருப்பது அரை மணி நேரம். மீதி 23½ மணி நேரமும் வீட்டார் கையில்!

வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, உடனே 108-ஐக் கூப்பிட வேண்டும். ரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை 4½ மணி நேரத்துக்குள் போட வேண்டும். பயிற்சி அதற்குப் பிறகுதான்.

செயல் இழந்த கையைப் பிடித்து இழுத்து ஆளைத் தூக்கக் கூடாது. தோள் மூட்டு விலகிவிடும். கொஞ்சம் தேறியதும் பயிற்சியை நிறுத்தக் கூடாது.

பிசியோதெரபிஸ்ட் வீட்டுக்கே வரும் ஏற்பாடு, 2021-ல் தமிழக அரசு தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில் சேர்க்கப்பட்டது. வந்தவர் சொல்வதை வீட்டில் ஒருவராவது பக்கத்தில் நின்று கற்றுக்கொள்ள வேண்டும்.

"பாவம், அவருக்கு ஏன் சிரமம்?" என்று மகள் ஊட்டி விடுகிறாள். மனைவி சட்டை மாட்டி விடுகிறாள். அன்புதான்! ஆனால் அந்த அன்பே கையை முடக்கிவிடும். டாக்டர் சாப்பிடலாம் என்று சொன்ன பிறகு, அவரை நிமிர்ந்து உட்கார வைத்து, கரண்டியை அவர் கையிலேயே கொடுங்கள். சிந்தினால் சிந்தட்டும்!