உத்தியோகத்தை உதறிய ஹாக்கித் தலைவர்

'உத்தியோகம் புருஷ லட்சணம்' என்று நம் பெரியோர் சொன்னார்கள். உத்தியோகம் என்றால் முயற்சி என்பதே அதன் பழைய பொருள். நாமோ அதற்குச் சர்க்கார் வேலை என்று பொருள் பண்ணிக்கொண்டு விட்டோம். மாலை வேளையில் பையன் மட்டையும் பந்துமாகப் புறப்பட்டால், "இது நாளைக்குச் சோறு போடுமா?" என்று கேளாத வீடு நம்மிடையே அபூர்வம். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலும் இல்லை. நடுத்தரக் குடும்பத்துக்கு மாதச் சம்பளமே கோட்டையும் மதிலும் அல்லவா? ஆனால் இதே கேள்வி, ஐ.ஸி.எஸ். உத்தியோகம் கைக்கெட்டிய ஒரு வாலிபரின் முன் 1928-ல் எழுந்தது. அவர் அதற்கு என்ன விடை சொன்னார், அதனால் அடைந்தது என்ன, இழந்தது என்ன என்பதை நேயர்களுக்குச் சொல்ல விரும்புகிறோம்.

அவர் பெயர் ஜய்பால் ஸிங். 1903-ஆம் ஆண்டு ஜனவரி 3-ந் தேதி, சோட்டா நாகபுரி மலைநாட்டில் டக்ரா என்னும் சிற்றூரில் பிறந்தவர். முண்டா என்னும் ஆதிவாஸி இனத்தைச் சேர்ந்தவர். அவ்வூர் அந்நாளில் ராஞ்சி ஜில்லாவில் இருந்தது. இப்போது ஜார்க்கண்ட் மாநிலத்துக் குந்தி ஜில்லாவில் இருக்கிறது. ராஞ்சியில் பாதிரிமார் நடத்திய செயின்ட் பால்ஸ் பள்ளியில் படித்தபோது, அங்கே தலைமை வகித்த காஸ்கிரேவ் பாதிரியார் சிறுவனின் அறிவைக் கண்டு வியந்து, அவனை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். பின்னர் ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலையின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் அவர் பொருளாதாரம் படித்துத் தேறினார்.

படிப்போடு ஹாக்கியும் வளர்ந்தது. ஆக்ஸ்போர்டின் அணியில் நின்று கேம்பிரிட்ஜை எதிர்த்து ஆடுவோருக்கு 'புளூ' என்றொரு கௌரவம் உண்டு. ஹாக்கியில் அதைப் பெற்ற முதல் இந்திய மாணவர் ஜய்பால் ஸிங்கே என்பார்கள். அவர் பின்வரிசைக் காவலர். எதிரி எத்தனை வேகமாகப் பாய்ந்து வந்தாலும் பதறாமல் நின்று பந்தைப் பறித்து, தூரத்தில் நிற்கும் தம்மவருக்கு அடித்து அனுப்புவது அவர் வேலை. கோல் போடுகிறவருக்குக் கிடைக்கும் கைதட்டல் அந்த இடத்தில் நிற்பவருக்குக் கிடைப்பதில்லை.

ஐ.ஸி.எஸ்.ஸுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு அவர் இங்கிலாந்தில் பயிற்சி பெற்றுக் கொண்டிருந்த சமயம். இந்தியா தன் ஹாக்கி அணியை முதன் முறையாக ஒலிம்பிக் பந்தயத்துக்கு அனுப்பத் தீர்மானித்தது. அந்த அணி பம்பாயில் கப்பலேறியபோது வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர். தியான் சந்த் என்னும் சிப்பாய் அவ்வணியில் இருந்தார். ஆட்டக்காரரில் பெரும்பாலோர் ஆங்கிலோ-இந்தியர். இவர்களுக்குத் தலைவராக நியமிக்கப்பட்டவர் இங்கிலாந்திலிருந்த ஜய்பால் ஸிங்.

ஆம்ஸ்டர்டாம் செல்ல அவர் ரஜா கேட்டார். மேலிடம் மறுத்துவிட்டது. ரஜா இல்லாமலேயே அவர் புறப்பட்டார். திரும்பி வந்தபோது, பயிற்சியை இன்னும் ஓராண்டு நீட்டிக்க வேண்டும் என்று நிபந்தனை பிறந்தது. அதற்கு அவர் இசையவில்லை. எத்தனையோ தாய் தந்தையர் தம் பிள்ளைகளுக்காகத் தவங்கிடந்த அந்தப் பதவியை வேண்டாமென்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

ஆம்ஸ்டர்டாமில் நடந்தது உலகறிந்த செய்தி. ஆஸ்திரியாவை 6 கோல், பெல்ஜியத்தை 9 கோல், டென்மார்க்கை 5 கோல், ஸ்விட்ஸர்லாந்தை 6 கோல் கணக்கில் இந்தியா வென்றது. மே 26-ந் தேதி, இறுதி ஆட்டத்தில் சொந்த நாட்டு ஜனங்களின் முன் ஆடிய ஹாலந்து அணியை 3 கோல்களில் தோற்கடித்தது. ஐந்து ஆட்டங்களில் அடித்தவை 29. வாங்கியது ஒன்றுகூட இல்லை. அந்த 29-ல் 14 தியான் சந்தின் மட்டையிலிருந்து வந்தவை.

ஆனால் இறுதி நாளன்று தலைவர் களத்தில் இல்லை. அணி நிர்வாகத்துடன் ஏற்பட்ட மனஸ்தாபத்தால் அவர் முன்னதாகவே விலகிவிட்டார் என்பர். பின்னிகர் என்பவர் அன்று தலைமை வகித்தார். தலைவர் பாதியில் விலகலாமா என்று நேயர்கள் கேட்பது நமக்குக் கேட்கிறது. விலகியது நல்லது என்று நாம் வாதிக்கப் போவதில்லை. இறுதி ஆட்டத்தில் வியர்வை சிந்தியவர்களின் புகழில் ஓர் அணுவும் குறைக்கலாகாது. ஆயினும் அணிக்குத் தலைமை பூண்டு, அதற்காகத் தம் எதிர்காலத்தையே பணயம் வைத்தவருக்கும் அப்பதக்கத்தில் பங்கு உண்டென்றே கருதுகிறோம். பிறருக்கு அந்த ஒலிம்பிக்கினால் லாபமே; பெரும் நஷ்டம் அடைந்தவர் அவர் ஒருவர்.

அந்தப் பந்தயத்துக்கு மற்றொரு முக்கியத்துவமும் உண்டு. 1908-லும் 1920-லும் ஒலிம்பிக் ஹாக்கியில் வென்ற பிரிட்டன், இந்தியா வந்த 1928-ல் கலந்துகொள்ளவில்லை. அடுத்த இரண்டு ஒலிம்பிக்கிலும் ஹாக்கிக்கு வரவில்லை. ஆளப்படும் தேசத்திடம் தோற்க அஞ்சிற்று என்று சொல்வோர் உண்டு. இரு அணிகளும் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் சந்தித்தது 1948 ஆகஸ்ட் 12-ந் தேதி, லண்டன் வெம்பிளியில். சுதந்திர இந்தியா 4 கோல்களில் வென்றது. பிரிட்டனுக்கு ஒரு கோலும் கிட்டவில்லை.

உதறிய பதவிக்குப் பின் ஜய்பால் ஸிங் பட்டினி கிடக்கவில்லை. எண்ணெய்க் கம்பெனியில் வேலை பார்த்தார். ஆப்பிரிக்காவின் கோல்டு கோஸ்ட்டில் ஆசிரியராக இருந்தார். ராய்ப்பூர் ராஜகுமார் கல்லூரியை நடத்தினார். பிகானீர் சமஸ்தானத்தில் மந்திரியாகவும் பணி புரிந்தார். ஆனால் அவருடைய இரண்டாவது ஆட்டம் 1939-ல் ராஞ்சியில் தொடங்கியது. ஆதிவாஸி மகாசபையின் தலைமையை அவர் ஏற்றார். ஜனங்கள் அவரை 'மராங் கோம்கே', அதாவது பெருந்தலைவர், என்று அழைத்தார்கள்.

1946 டிஸம்பர் 19-ந் தேதி, அரசியல் நிர்ணய சபையில் நேரு கொண்டுவந்த லட்சியத் தீர்மானத்தின்மீது அவர் பேசினார். தம்மைக் காட்டுவாசி என்று பிறர் அழைப்பதற்காக நாணவில்லை, பெருமையே படுகிறேன் என்றார். ஆதிவாஸிகளுக்கு ஜனநாயகத்தைக் கற்பிக்க வேண்டியதில்லை, அவர்களிடமிருந்து நீங்கள்தான் கற்க வேண்டும் என்றார். தம் மக்கள் நெடுங்காலம் சுரண்டப்பட்டதை ஒளிக்காமல் எடுத்துரைத்து, ஆயினும் புதிய பாரதத்தின் வாக்கை நம்புவதாகவும் சொன்னார். பின்வரிசையில் நின்று காக்கும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை.

ஜார்க்கண்ட் என்றொரு தனி மாநிலம் வேண்டுமென்று கட்சி கண்டார். 1963-ல் அக்கட்சியைக் காங்கிரஸுடன் இணைத்தபோது அவரை நம்பியவர்களில் பலர் மனங்கசந்தனர். 1970 மார்ச் 20-ந் தேதி டில்லியில் அவர் காலமானார். அவர் கேட்ட மாநிலம் 2000 நவம்பர் 15-ந் தேதி பிறந்தது.

அந்த மலைநாட்டில் இன்றும் குழந்தைகள் மூங்கிலை வளைத்து மட்டை செய்து ஆடுகிறார்கள். கிராமப் பந்தயங்களில் வென்ற அணிக்கு ஓர் ஆட்டுக் கடாவைப் பரிசாகக் கொடுப்பது வழக்கம். அங்கிருந்து வந்த ஸில்வானஸ் டுங்டுங், 1980-ல் மாஸ்கோவில் நம் தமிழ்நாட்டு வாசுதேவன் பாஸ்கரனின் தலைமையில் தங்கப் பதக்கம் வென்ற அணியில் ஆடினார். ஜய்பால் ஸிங் பிறந்த அதே குந்தி ஜில்லாவின் பெண் நிக்கி பிரதான், 2016-ல் ரியோ ஒலிம்பிக்கில் இந்தியாவுக்காக ஆடினார். ராஞ்சியின் ஹாக்கி மைதானம் மராங் கோம்கேயின் பெயரைத் தாங்கி நிற்கிறது.

கைக்கு வந்த வேலையை எல்லோரும் உதறுங்கள் என்று உபதேசிப்பது நம் நோக்கமன்று. மட்டையைத் தூக்கும் பிள்ளைகள் எல்லோரும் ஜய்பால் ஸிங் ஆகிவிடப் போவதுமில்லை. இன்று ஹாக்கி ஆடியே ரயில்வே முதலிய இலாகாக்களில் உத்தியோகம் பெறுவோர் பலர் இருக்கிறார்கள், ஆகவே "சோறு போடுமா?" என்ற கேள்விக்கு ஓரளவு விடை கிடைத்துவிட்டது. நாம் வேண்டுவதெல்லாம், பையனோ பெண்ணோ மாலையில் களத்துக்குப் புறப்படும்போது, அந்தக் கேள்வியை ஒரு மணி நேரம் ஒத்திவைக்க வேண்டும் என்பதே. பதறாமல் நிற்கவும், பறித்த பந்தைத் தம்மவருக்குக் கொடுக்கவும் அங்கே கற்கிறார்கள். அந்தப் பாடம் எந்த உத்தியோகத்துக்கும் உதவும். உத்தியோகம் போன பிறகும் உதவும்.