தையல் பிரித்த அன்றே வெற்றி முழக்கமா?

காலின் உள்நாளத்தில் உறைந்த ரத்தக்கட்டியைக் கத்தி வைத்து எடுத்தோம், பெரும்பாலோருக்குக் கால் குணம் என்று 1963-ல் அமெரிக்காவின் லூயிவில் நகர டாக்டர்கள் அறிவித்தார்கள். 1968-ல் அதே நோயாளிகளில் 17 பேரை வேறு டாக்டர்கள் சோதித்தார்கள். 16 பேருக்குக் கால் வீக்கம்! இறுக்கமான காலுறை இல்லாமல் ஆகவில்லை. கட்டி போயிற்று, ரத்தம் கீழிறங்காமல் தடுக்கும் வால்வுகளும் கூடவே கெட்டிருந்தன.

பிறகு கத்திக்குப் பதில் குழாய் வந்தது. 2017-ல் வெளியான அமெரிக்கச் சோதனையில் 692 பேர். குழாய் விட்டவர்களில் 47 சதவீதத்தினருக்குப் பின்விளைவு. மருந்து மட்டும் பெற்றவர்களில் 48!

கால் அழுகும் ஆபத்தில் ஆபரேஷன் தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் நாளெல்லாம் தறியருகே நிற்பவனுக்கும் சேற்றில் நாற்று நடுபவளுக்கும் ஆஸ்பத்திரிக் கட்டில் கணக்கு எதற்கு? ஐந்தாம் வருஷக் கணக்கைக் காட்டுங்கள்!